தானியத்தை மாற்றினால் போதுமா? சிறுதானியச் சான்றுகளின் மறுவாசிப்பு

சர்க்கரை நோயாளிகள் அரிசியைக் குறைத்துச் சிறுதானியத்துக்கு மாற வேண்டும் என்ற பரிந்துரை ஆய்வேடுகளிலும் மருத்துவமனைத் துண்டறிக்கைகளிலும் இன்று கேள்வியின்றி இடம்பெறுகிறது. அதன் நல்லெண்ணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் தரவுகள் அந்தப் பரிந்துரையின் எடையைத் தாங்குகின்றனவா என்று நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு. தாங்கவில்லை என்பதே என் வாசிப்பு.

இந்தப் போக்கில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே சான்றில் வந்து நிற்கின்றன. ‘ஃபிரான்டியர்ஸ் இன் நியூட்ரிஷன்’ இதழில் 2021ஆம் ஆண்டு வெளியான தொகுப்பாய்வு அது. உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை அளக்கும் கிளைசீமிக் குறியீடு சிறுதானியங்களுக்குச் சராசரியாக 52.7, தீட்டிய அரிசிக்கு 71.7, சுத்திகரித்த கோதுமைக்கு 74.2 என்று அது கணித்தது. சிறுதானியம் உண்ட நீரிழிவு நோயாளிகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 12 சதவீதமும் சாப்பிட்ட பின் உள்ள சர்க்கரை 15 சதவீதமும் குறைந்ததாகவும் சொன்னது. பல நாடுகளின் ஆய்வுகளை ஒருங்கே திரட்டிய அரிய உழைப்பு அது. அதன் ஆசிரியர்கள் தானியம் தானியமாகப் பிரித்துத் தந்த விவரங்களை மேற்கோள் காட்டுவோர் எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் மனக்குறை.

52.7 என்ற எண் யாருடைய சராசரி? அதே ஆய்வின் வகைப்பாட்டில் குறியீடு 55க்குக் கீழே உள்ளவை ஜாப்ஸ் டியர்ஸ், ஃபோனியோ, டெஃப், தினை, குதிரைவாலி ஆகியன. முதலாவது கிழக்காசியாவில் உண்ணப்படுவது. ஃபோனியோ மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் டெஃப் எத்தியோப்பியாவுக்கும் உரியவை. கம்பு, கேழ்வரகு, வரகு, சாமை, சோளம் ஆகியவை 55 முதல் 69 வரையிலான நடுத்தர வரிசையில் வருகின்றன. அதாவது, தமிழ்நாட்டில் கூழாகவும் களியாகவும் அதிகம் புழங்கும் தானியங்கள் எல்லாமே அந்தப் புகழ்பெற்ற சராசரிக்கு மேலேதான் நிற்கின்றன. தினையையும் குதிரைவாலியையும் விட்டால், சராசரியைக் கீழே இழுத்தவை நம் அடுப்பில் ஏறாதவை. கேழ்வரகுக் கூழ் குடிப்பவரிடம் 52.7 என்ற எண்ணைச் சொல்வது அவர் உண்ணாத தானியத்தின் நன்மையை அவருக்கு வாக்களிப்பதாகும்.

ஒப்பீட்டின் மறுபக்கமும் உறுதியாக இல்லை. அரிசிக்குத் தரப்பட்ட 71.7இன் திட்ட விலக்கம் 14.4. ஒரு விலக்கம் கீழே இறங்கினாலே 57.3, அது கேழ்வரகும் கம்பும் உள்ள நடுத்தர வரிசைக்குள் வந்துவிடுகிறது. அரிசி என்பது ஒரே பொருளன்று. அமைலோஸ் மிகுந்த ரகங்களும் சில புழுங்கல் அரிசிகளும் குழையும் பச்சரிசியைவிட மெதுவாகச் செரிப்பவை. நன்றாகக் குழைத்த சிறுதானியக் கஞ்சியையும் உதிரியாக வடித்த புழுங்கல் சோற்றையும் அருகருகே வைத்தால் எது மேல் என்பதைத் தானியத்தின் பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

மற்றோர் இடமும் உறுத்துகிறது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தோரின் எச்.பி.ஏ.1சி (சில மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.65 சதவீதத்திலிருந்து 5.67 ஆக இறங்கியது என்பது அந்த ஆய்வின் பெருமைமிகு முடிவுகளில் ஒன்று. இன்று பரவலாக ஏற்கப்பட்ட வரம்பின்படி 6.5ஐத் தொட்டாலே அது நீரிழிவு. இதை வைத்து ஆய்வைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை; மூல ஆய்வுகள் வேறு அளவுகோலைக் கொண்டிருக்கலாம். ஆனாலும் யாருக்கு எந்த நிலையில் பயன் கிடைத்தது என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. தொடக்க அளவையும் இறுதி அளவையும் ஒப்பிடும் ஆய்வுகளில் வேறு சிக்கலும் உண்டு. உணவு ஆய்வில் சேர்ந்தவர் தானியத்தோடு அளவையும் நேரத்தையும் தின்பண்டத்தையும் சேர்த்தே மாற்றுவார். குறைந்த சர்க்கரைக்குத் தானியம் மட்டுமே காரணம் என்று அங்கே பிரித்துக் காட்ட இயலாது.

குறியீட்டுக்கே உள்ள எல்லையையும் பார்க்க வேண்டும். கிளைசீமிக் குறியீட்டை 1981இல் டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸும் உடன் பணியாற்றியோரும் முன்வைத்தனர். வழக்கமான சோதனையில் செரிக்கக்கூடிய மாவுச்சத்து 50 கிராம் உள்ள அளவு உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரச் சர்க்கரை உயர்வைக் குளுக்கோஸுடன் ஒப்பிடுகிறார்கள். ஆகவே தட்டில் எவ்வளவு வைக்கிறோம் என்பதை அந்தக் குறியீடு சொல்வதில்லை. ஆய்வகத்தில் சமைத்த வடிவத்துக்கு அப்பால் வேறு வடிவத்தைப் பற்றியும் சொல்வதில்லை. கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டிதட்டாமல் கிண்டிக்கொண்டே பளபளப்பு வரும்வரை காய்ச்சுகிறோம். அந்தப் பளபளப்பு வருவதற்குள் மாவுமணிகள் நீரேறி உப்பிக் குழைந்திருக்கும். முழுமணியாய் இருந்தபோது செரிமான நொதிகளைத் தடுத்த செல்சுவர்கள் அரைக்கும்போதே உடைந்துபோயின. மென்றிறக்க வேண்டியதும் இல்லை; நாலு மடக்கில் ஒரு டம்ளர் உள்ளே போய்விடுகிறது. சாமையும் குதிரைவாலியும் கடைகளில் பெரும்பாலும் வெள்ளையாகத் தீட்டப்பட்டே வருகின்றன. தவிட்டோடு நார்ச்சத்தும் போய்விடுகிறது. இந்திய உணவுச் சேர்க்கை அட்டவணையின்படி (2017) 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 67 கிராம் மாவுச்சத்து, தீட்டிய பச்சரிசியில் 78. நார்ச்சத்தில் கேழ்வரகு (11 கிராம்) அரிசியை (3 கிராம்) வெகுவாக விஞ்சுகிறது. அது மெய்யான நன்மை. ஆனால் நல்லதுதானே என்று இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் மாவுச்சத்தில் உள்ள அந்தச் சிறு வேறுபாடு கரைந்துவிடும்.

நாடு தழுவிய நீரிழிவு ஆய்வான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப்பின் உணவுத் தரவுகளை வைத்து 2025இல் ‘நேச்சர் மெடிசின்’ வெளியிட்ட பகுப்பாய்வு இந்த ஐயத்துக்கு வலுச் சேர்க்கிறது. இந்தியர்களின் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மாவுச்சத்தை மிக அதிகம் உண்போருக்குப் புதிதாகக் கண்டறியப்படும் நீரிழிவின் வாய்ப்பு, மிகக் குறைவாக உண்போரைவிட 30 சதவீதம் கூடுதல். சுத்திகரித்த தானியத்துக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்துக் கணக்கிட்டபோது ஆபத்துக் குறையக் காணோம். மாவுச்சத்தின் ஒரு பங்கைப் புரதத்தால் ஈடுசெய்தபோது குறைந்தது. ஒரே காலத்தில் எடுத்த தரவு காரணத்தை நிறுவாது என்பது சரி. ஆயினும் தானியப் பெயரை மாற்றுவதால் பெரும்பயன் இருந்திருந்தால் அதன் சாயலாவது இங்கே தெரிந்திருக்க வேண்டும்.

நம் முன்னோர் கம்பும் வரகும் தின்று நோயில்லாமல் வாழ்ந்தார்கள் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவர்களுடைய உடலுழைப்பும், கிடைத்த உணவின் அளவும், இரத்தப் பரிசோதனையே இல்லாத காலமும் அந்த ஒப்பீட்டைச் செல்லாததாக்குகின்றன. கேழ்வரகின் கால்சியம் போன்ற சத்துகள் மறுக்க முடியாதவை. அவை எலும்புக்கும் ஊட்டத்துக்கும் உரிய வாதம்.

இந்த வாசிப்பில் என்னை மிகவும் வருத்துவது பரிந்துரையின் விலை. ரேஷன் கடையில் விலையில்லா அரிசி பெறும் குடும்பத்திடம் அதைத் தவிர்த்து, பல மடங்கு விலையுள்ள பாக்கெட் சிறுதானியம் வாங்கச் சொல்கிறோம். அதே பணத்தில் பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் முட்டையும் வாங்கி, அரிசிச் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, முதலில் பொரியலையும் பயற்றையும் தின்று பிறகு சோற்றுக்கு வரச் சொல்லலாம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் புரத அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு இந்த இரண்டு வழிகளையும் ஒரே செலவில், ஒரே மாவுச்சத்து அளவுக் கட்டுப்பாட்டில் நேருக்கு நேர் ஒப்பிடும் ஆய்வுதான் அடுத்து வேண்டியது. அதில் எந்தத் தானியம் என்பதோடு எவ்வளவு தீட்டியது, மாவா முழுமணியா, கூழா சோறா, எத்தனை கிராம் என்பவையும் பதிவாக வேண்டும்.