ரோல்பேக் இல்லாத ரிலீஸ்: பிவா ஏரியும் பதினஞ்சு மீனும்

நம்ம தொழில்ல ஒரு எழுதாத சட்டம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் புரொடக்ஷன்ல கை வைக்கக் கூடாது. வெச்சே ஆகணும்னா ரோல்பேக் பிளான் தயாரா இருக்கணும். ஜப்பான்ல 1960ல ஒரு ரிலீஸுக்குப் பிள்ளையார் சுழி போட்டாங்க, ரோல்பேக் பிளானே இல்லாம. ரிலீஸ் ஆனது சாஃப்ட்வேர் இல்லை, மீன்.

மீனோட பேரு புளூகில். அமெரிக்க ஏரிகள்ல இருக்கிற சன்ஃபிஷ் குடும்பம். (கடல்ல வண்டிச் சக்கரம் மாதிரி மிதக்குமே, அந்த ராட்சச சன்ஃபிஷ் வேற.) இது உள்ளங்கை அளவுதான். அங்கே சின்னப் பசங்க முதன்முதலா தூண்டில் போட்டுப் பிடிக்கிறது பெரும்பாலும் இதைத்தான்.

1960ல ஜப்பான் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ அமெரிக்கா போனார். சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி அவருக்குக் கொஞ்சம் புளூகில் மீன்களைப் பரிசா குடுத்தார். இளவரசர் மீன் ஆராய்ச்சியில நிஜமாவே ஆர்வம் உள்ளவர். உளுவை மீன்களைப் பத்திக் கட்டுரையெல்லாம் எழுதியிருக்கார். பரிசை வீட்டுத் தொட்டியில போடாம மீன்வள ஆய்வு நிலையத்துக்குக் குடுத்துட்டார். போர் முடிஞ்சு பதினஞ்சு வருஷம்தான் ஆகியிருந்தது. மக்களுக்கு மலிவா ஒரு மீன் கிடைக்கட்டுமேங்கிற நல்ல எண்ணம்.

1963ல ஷிகா மாகாணத்து ஆய்வு நிலையத்துக்கும் மீன் வந்து சேர்ந்தது. அந்த மாகாணத்துல இருக்கிறதுதான் பிவா ஏரி, ஜப்பான்லயே பெருசு. பரப்பு சுமார் 670 சதுர கிலோமீட்டர், ஆழமான இடத்துல நூறு மீட்டருக்கு மேல. வயசு சுமார் 40 லட்சம் வருஷம். உலகத்துல வேற எங்கேயும் இல்லாத உயிரினங்கள் அறுபதுக்கு மேல அங்கே உண்டு. வளர்ப்புக்குளத்துல இருந்த புளூகில் எப்படியோ ஏரிக்குள்ள போயிடுச்சு. ரொம்ப நாள் சத்தமில்லாம இருந்துட்டு 1990கள்ல எண்ணிக்கை எகிறிடுச்சு. உள்ளூர் மீனோட முட்டையையும் குஞ்சையும் தின்னுது. ஃபுனாசூஷின்னு, மீனை உப்பும் சோறும் வெச்சு மாசக்கணக்கா ஊற வைக்கிற பழங்காலப் பண்டம் ஒண்ணு அங்கே பிரசித்தம். அதுக்கான நிகோரோபுனா மீனே அரிதாப் போச்சு.

சரி, பிடிச்சுத் தள்ளிட வேண்டியதுதானே? இங்கதான் விஷயமே இருக்கு.

முட்டையிடற காலத்துல புளூகிலைக் கண்டுபிடிக்கிறது சுலபம். தண்ணி இருபது டிகிரியைத் தாண்டினதும், அதாவது ஜூன், ஜூலை வாக்குல, ஆண் மீன் கரையோரமா வந்து வாலால மணலை விசிறித் தட்டு மாதிரி குழி பறிக்கும். பக்கத்துப் பக்கத்துல நிறைய குழிகள், ஒரு காலனி மாதிரி. முட்டையைக் காவல் காத்துக்கிட்டு அங்கேயே நிக்கும், கிட்டப் போனாலும் நகராது. வலையோட வர்றவனுக்கு அட்ரஸ் எழுதிக் குடுத்த மாதிரி.

அந்த சீசன் முடிஞ்சதும் காலனி காலி. மீதி மாசமெல்லாம் தேடல்தான். பிவா புளூகில்ல மூணு வகைச் சாப்பாட்டுப் பழக்கம் இருக்குன்னு 2002ல ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினாங்க. ஒரு கூட்டம் நடு ஏரியில மிதக்கிற நுண்ணுயிரைத் தின்னுது, ஒண்ணு அடிமண்ணுல இருக்கிற புழுபூச்சியை, இன்னொண்ணு நீர்ச்செடியை. உடல் வாகுலயும் அதுக்கேத்த வித்தியாசம் தெரியுது. ஜப்பான்ல இருக்கிற புளூகில் எல்லாமே அயோவா மாநிலத்துல குட்டன்பர்க் பக்கம், மிசிசிப்பி ஆத்துல பிடிச்ச 15 மீன்களோட வாரிசுன்னு மரபணு ஆய்வு சொல்லுது. பதினஞ்சே மீன், ஐம்பது வருஷத்துக்குள்ள மூணு டிபார்ட்மென்ட்!

அதனால தேடறவங்களும் பல இடத்துல தேடணும். கோடையில நீர்ச்செடிப் புதரோட ஓரம். வெயில் ஏறினா படகுத்துறை நிழல். குளிர் வந்ததும் ஆழத்துக்கு இறங்கி, நெருக்கமா கூட்டம் சேர்ந்து, ரொம்ப ஆடாம கிடக்கும். வாய் சின்னது, அதனால தூண்டில்னா சின்ன முள், துண்டுப் புழு. பெரிய புழுவைக் கோர்த்தா முள்ளுல மாட்டாம ஓரத்தைக் கடிச்சுத் தின்னுட்டுப் போயிடும். ஒரு மீன் எந்த ஆழத்துல கடிச்சுதோ, அடுத்த தூண்டிலையும் அதே ஆழத்துக்கு விடணும். கூட்டம் அங்கேதான் நிக்கும். மீனவர்கள் வலையோட அந்த ஊர் பாரம்பரியப் பொறியையும் வைக்கிறாங்க. கரையிலிருந்து ஏரிக்குள்ள அம்பு வடிவத்துல நீளுற வேலி அது. பேரு 'எரி' (நம்ம ஏரி இல்லீங்க, குறில் எ). வேலியை ஒட்டியே நீந்தற மீன் கடைசியில கூண்டுக்குள்ள போய் மாட்டும்.

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடறவங்களையும் மாகாணம் விடலை. 2003ல இருந்து, பிடிச்ச புளூகிலையும் பாஸ் மீனையும் திரும்ப ஏரியில விடக் கூடாதுன்னு சட்டம். கரையோரத்துல அதுக்குன்னே பெட்டிகள் வெச்சிருக்காங்க, அதுல போட்டுடணும். "விளையாட்டுக்குப் பிடிச்சதை உயிரோட விடறதுதானே மரியாதை"ன்னு சிலர் கோர்ட்டுக்குப் போனாங்க. 2005ல வழக்கு தோத்துப் போச்சு. சாப்பாட்டுக்குன்னு வந்த மீன், கடைசியில பெரும்பாலும் உரமாவும் தீவனமாவும் போகுது. சின்ன மீன், முள் ஜாஸ்தி, சந்தையில வாங்க ஆளில்லை.

2007ல அதே ஷிகாவுக்கு வந்தார் அகிஹிட்டோ. அப்போ அவர் சக்கரவர்த்தி. அந்த மீனை அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்தது தான்தான், அது இப்படி ஆனதுல மனசு வலிக்குதுன்னு கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னார். ஆட்சியில இருக்கிறவங்க இப்படிச் சொல்லி எத்தனை தடவை கேட்டிருக்கோம்?

இன்னொரு தகவல். இதே அகிஹிட்டோ 1965ல தாய்லாந்து மன்னர் பூமிபோலுக்கு 50 திலாப்பியா மீன் அனுப்பினார். அது அங்கே பெருகி இன்னிக்கு சாமானியனோட தட்டுல இருக்கு. அதே ஆள், அதே நல்ல எண்ணம், ஆனா கதை வேற. எண்ணத்தை வெச்சு மட்டும் முடிவைக் கணிக்க முடியாது போல.

திலாப்பியாவோட இன்னொரு வகைதான் 1952ல இந்தியாவுக்கு வந்த நம்ம ஜிலேபி கெண்டை. அதுவும் மலிவு உணவுன்னுதான் வந்தது. நாம அதைத் தின்னுடறோம், அதனால யாரும் அதை வில்லனா பார்க்கிறதில்லை. அது வர்றதுக்கு முன்னாடி உங்க ஊர் ஏரியில என்னென்ன மீன் இருந்ததுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. எவ்வளவு பேரு தேறுதுன்னு எனக்கும் சொல்லுங்க.