பெருமூச்சின் வரலாறு

தலைமன்னார் வழியனுப்பியே பழகிய ஊர். 1914இல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. அதே ஆண்டு கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால், மலையகத்தில் பிறந்து வளர்ந்த தோட்டத் தொழிலாளர்கள் தாங்கள் பார்த்தேயிராத ‘தாய்நாட்டுக்கு’ இந்தத் துறையிலிருந்துதான் ஏற்றப்பட்டார்கள். உள்நாட்டுப் போர் வந்து கப்பல் நின்றது. பிறகு வள்ளங்கள். 1990இல் தமிழ்க் குடும்பங்கள் இராமேஸ்வரத்துக்கும், புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார்த்தீவு முஸ்லிம்கள் கற்பிட்டிக்கும் இதே தீவின் கரைகளிலிருந்து கடலில் இறங்கினார்கள்.

இத்தனை பிரிவுகளைத் தாங்கிய மனங்களுக்கு வைத்தியம் எங்கே இருந்தது? இலங்கையின் மனநோய்ச் சட்டம் 1873இல் பிறந்தது. நோயாளியைப் பிடித்து அடைத்துவைப்பதுதான் அதன் முதல் அக்கறை. 1926இல் கொழும்புக்கு அருகே அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி திறந்தது. தலைமன்னாரிலிருந்து அது முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். அங்கொடை என்ற ஊர்ப்பெயரே ஏச்சுச் சொல்லாகிவிட்ட நாட்டில், பிள்ளையை அங்கே கொண்டுபோக எந்தத் தாய்க்கு மனம் வரும்?

இந்தத் தூரத்தைக் குறைக்க வாழ்நாளைச் செலவிட்டவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஆஸ்பத்திரியிலும் நோயாளரைப் பார்த்தவர். ராஜன் ஹூல், சிறிதரன், ராஜினி திராணகம ஆகியோருடன் சேர்ந்து போர்க்கால மீறல்களைப் பதிந்த ‘முறிந்த பனை’யை எழுதியவர். அந்த நூல் 1990இல் வெளிவந்தபோது ராஜினி உயிரோடு இல்லை. முந்திய செப்ரெம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். உண்மையை எழுதுவதற்கு என்ன விலை என்று தெரிந்துகொண்டே தன் ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர் சோமசுந்தரம். அந்தத் துணிவைச் சொல்லாமல் அவருடைய ஆய்வைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமல்ல.

அவரிடம் வந்தவர்கள் மனச்சோர்வு என்றோ அதிர்ச்சி என்றோ சொல்லிக்கொண்டு வரவில்லை. நெஞ்சு நோகுது, தலை பாரமாய்க் கிடக்குது, உடம்பெல்லாம் எரியுது என்றார்கள். இடையிடையே ஒரு பெருமூச்சு. வன்னிச் சனத்தைப் பற்றி எழுதும்போது அந்தப் பெருமூச்சைத் துயரத்தின் மொழியாகவே அவர் குறித்துவைத்தார். மேற்கத்தியப் பாடநூலின் நோய்ப்பட்டியலில் அதற்கு இடமில்லை.

1998இல் வந்த அவருடைய ஆங்கில நூலின் தலைப்பு, வடுப்பட்ட மனங்களைப் பற்றியது. 2014இல் வந்ததோ வடுப்பட்ட சமூகங்களைப் பற்றியது. பதினாறு ஆண்டில் அவர் எங்கிருந்து எங்கே வந்து சேர்ந்தார் என்பதை இந்த இரண்டு தலைப்புகளே காட்டும். தமிழ்க் குடும்பம் ஒன்றாகவே நினைக்கிறது, ஒன்றாகவே நோகிறது. ஊரே சிதறிய பிறகு ஒருவரை மட்டும் அறைக்குள் இருத்தி மாத்திரை கொடுத்தால் போதாது. இடையில் 2007இல் எழுதிய கட்டுரையில் இதற்குக் கூட்டு மனவடு என்ற கருத்தைக் கையாண்டு, ஒருவரையொருவர் நம்பாமை, வாய்மூடிய மௌனம், எதற்கும் கையாலாகாத நிலை எல்லாம் அதன் அறிகுறிகளே என்று காட்டினார்.

உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த வடக்கில், அவர் ஊரார் பக்கம் திரும்பினார். அகதிகளின் உளநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 1996இல் வெளியிட்ட கைந்நூல் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றி எழுதப்பட்டது. ஆசிரியர், கிராமத்துச் சுகாதாரப் பணியாளர், நாட்டு வைத்தியர் என்று பலருக்கும் பயிற்சி நடந்தது. மனத்தைத் தளர்த்தும் பயிற்சிக்குக்கூட அவரவர் நாவில் பழகிய சொல்லையே எடுத்தார்கள்: சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர். இம்மூவரும் அயலயலாக வாழும் மன்னாருக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து உண்டா?

மன்னாருக்குச் சேர்ந்தழும் வழக்கம் புதிதல்ல. தவக்காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் ‘வியாகுலப் பிரசங்கம்’ இராகமிழுத்து ஓதப்படும்; பேசாலையில் மரப்பாவைகளை வைத்து உடக்குப் பாஸ் என்ற திருப்பாடுகளின் நாடகம் நடக்கும். கிறிஸ்துவுக்காக அழுகிற தாய் தன் பிள்ளைக்காகவும் அழுதுவிட்டு வீடு திரும்புவாள். ஒப்பாரியும் சடங்கும் ஆற்றுப்படுத்தும் என்று சோமசுந்தரம் ஆய்வு மொழியில் வாதிட்டதை இந்தக் கரை முன்பே செய்துகொண்டிருந்தது.

அரசும் மெல்ல அசைந்தது. சுனாமிக்கு அடுத்த ஆண்டு, 2005இல், பத்தாண்டு உளநலக் கொள்கை ஒன்றை இலங்கை ஏற்றது. அங்கொடையை மட்டும் நம்பியிராமல் மாவட்டந்தோறும் சேவை என்பது அதன் சாரம்.

ஆனால் போரில் காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு எந்தச் சேவை போதும்? உடல் இல்லாமல் அந்தியேட்டி இல்லை, கல்லறை இல்லை; மனைவி பொட்டை அழிப்பதா வைப்பதா என்றே தெரியாது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, வன்னியில் 1,46,679 பேருக்குக் கணக்கில்லை என்று நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சொன்னார்.

2018இல் மன்னார் நகரில் சதொச என்ற அரச விற்பனை நிலையத்தின் கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டியபோது எலும்புகள் வந்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், அவற்றில் சிறுவர்களுடையவையும். எலும்பாவது கிடைத்ததே என்று உறவினர்கள் காத்திருந்தார்கள். மாதிரிகள் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போயின. 2019 மார்ச்சில் அறிக்கை வந்தது: 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை.