பள்ளி: அறுத்த கல்லும் அதன் பெயரும்

'பள்ளி' என்னும் சொல் படுக்கை, துறவியர் உறைவிடம், சிற்றூர், பாடசாலை எனப் பல பொருள்களில் வழங்கினும், முதலிரண்டு பொருள்களும் ஒன்றாகவே இருந்த நிலையைக் கொங்கு நாட்டுக் குன்றுகளில் காணலாம். கரூரை அடுத்த வேலாயுதம்பாளையத்து ஆறுநாட்டார் மலையில், இயற்கையான குகைத்தளத்தின் பாறையையே வழவழப்பாகச் செதுக்கி, தலைமாட்டைச் சற்று உயர்த்தி அமைத்த சமணர் படுக்கைகள் உள்ளன. செங்காயபன் என்னும் முதிய அமணருக்கு, அதாவது சமணத் துறவிக்கு, அளித்த உறைவிடத்தை அங்குள்ள, தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டு, சேரர் மூன்று தலைமுறையினரின் பெயர்களைச் சொல்லி, 'அறுத்த கல்' என்றே குறிக்கிறது. கட்டடம் எதுவும் எழுப்பப்படாத கொடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இராது.

புகலூர்க் கல்வெட்டுகள் எனப்படும் இம்மலைக் கல்வெட்டுத் தொகுதியில், கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவனின் கொடை, இருக்கை எனப் பொருள்படும் 'அதிட்டானம்' என்னும் வடசொல்லாலும், வேறொரு கொடை 'பளி' என்றும் சுட்டப்படுகின்றன. மெய்யெழுத்தை இரட்டிக்காமல் எழுதுவது அக்கால வழக்காதலால் இது பள்ளியே. மதுரை அருகே மாங்குளத்தில் இன்னும் பழைய 'பளிஇய்' வடிவமும் கிடைக்கிறது.

துறவியர் உறைவிடம் பெயர் பெறும் வழி வேறாகவும் இருக்கலாம். கிரேக்கத்தின் தெசலியில், செங்குத்தான பாறைத்தூண்களின் உச்சியில் 14ஆம் நூற்றாண்டு முதல் எழுந்த கிறித்தவ மடங்கள், அந்தரத்தில் நிற்பவை எனப் பொருள்படும் 'மெத்தியோரா' என்னும் பெயரைத் தோற்றத்தால் பெற்றன. வலையில் அமர்ந்து கயிற்றால் மேலேற்றப்பட்ட அத்துறவியர் உலகை விட்டு உண்மையிலேயே விலகியிருந்தனர். புகலூர்த் துறவியரோ சேரர் தலைநகரான கருவூருக்கு, அதாவது இன்றைய கரூருக்கு, அருகிலேயே, வணிகர் கொடையை எட்டும் தொலைவில் தங்கினர். அவர்கள் உறைவிடத்துக்கு வழங்கிய 'பள்ளி', 'அதிட்டானம்' என்னும் பெயர்களும் தோற்றத்தைச் சுட்டாமல் பயனையே சுட்டின.

பள்ளி பாடசாலையானது சமணர் கல்வி புகட்டியதால் என்பது பரவலான விளக்கம். ஏற்கத்தக்கதே எனினும் நேர்ச்சான்று குறைவு. ஈரோட்டை அடுத்த அறச்சலூர்க் குகையில், எத்திசையிலிருந்து படித்தாலும் மாறாதபடி 'த, தை, தா' முதலிய எழுத்துகளைக் கட்டங்களாக அடுக்கி, அவற்றைச் சேர்த்தவன் நாணயம் நோட்டம் பார்க்கும் வண்ணக்கன் தேவன் சாத்தன் எனப் பொறித்திருப்பது, இசையையோ ஆடலையோ சார்ந்த பயிற்சி அங்கு அறியப்பட்டிருந்ததைக் காட்டுகிறதே தவிர, அது பாடசாலை என்று நிறுவவில்லை.

சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலம் சோழர் காலத்தில் 'பள்ளிச்சந்தம்' எனப்பட்டது. பின்னர் இசுலாமியர் தொழுமிடம் பள்ளிவாசலாகவும், மலையாளத்தில் கிறித்தவக் கோயில் பள்ளியாகவும் வழங்கலாயின.