பெர்ஃபாமன்ஸ் ஏர் ஃபில்டர்: பாண்டியில் ஓடும் உங்க காருக்கு இது தேவையா?

முதல் கார் வாங்கி நாலு மாசம் ஆனதும், கை தானா ஆக்சஸரீஸ் பக்கம் போகும். சீட் கவர், அலாய் வீல் எல்லாம் முடிஞ்ச பிறகு கண்ணில் படுவது, சிவப்பு நிறத்தில் பளபளக்கும் பெர்ஃபாமன்ஸ் ஏர் ஃபில்டர். ‘மாட்டிப் பாருங்க, பிக்-அப் எகிறும், மைலேஜ் கூடும், திரும்ப மாத்தவே வேணாம்’ என்பார்கள். விலை சில ஆயிரம் ரூபாய். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாகுதுன்னு தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லை தாண்டி வந்து டேங்க்கை நிரப்பிட்டுப் போற ஊர் புதுச்சேரி. இந்த ஊரில் அந்தக் காசைக் கொஞ்சம் யோசிச்சே செலவு பண்ணலாம்.

விடையை முதல்லயே சொல்லிடுறோம். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் சாதாரண காருக்கு இது தேவையில்லை. ஏன்னு பார்க்கலாம்.

ஃபில்டர் என்ன செய்யுது?

ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்றை இன்ஜின் உறிஞ்சுகிறது. அதோடு வரும் தூசியைத் தடுக்கிற காவலாளிதான் ஏர் ஃபில்டர். தூசி உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேயும். இன்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்.

கம்பெனி ஃபில்டர் மடித்த காகிதத்தால் ஆனது. பெர்ஃபாமன்ஸ் ஃபில்டர்கள் பெரும்பாலும் எண்ணெய் தடவிய பருத்தித் துணியால் ஆனவை. 1969-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம்தான் இதில் பிரபலம். இத்தாலியின் பிஎம்சியும் பருத்தி வகைதான்; இங்கிலாந்தின் பைப்பர்கிராஸ் ஃபோம் வகை.

பிக்-அப் கூடுமா?

ஒரு 1.2 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் சுற்றினால், நிமிடத்துக்கு அதிகபட்சம் 3,600 லிட்டர் காற்றை இழுக்கும். கம்பெனி ஃபில்டரும் ஏர் பாக்ஸும் இந்த அளவைக் கணக்கில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை. துணி ஃபில்டர் காற்றைக் கொஞ்சம் சுலபமாக விடும் என்பது உண்மை. ஆனால், அதனால் கிடைக்கிற சொற்ப பவர், ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சு ஆர்பிஎம் உச்சத்தில் இருக்கும்போதுதான் எட்டிப் பார்க்கும்.

இந்திரா காந்தி சதுக்க சிக்னலிலும், நேரு வீதி நெரிசலிலும், ஒயிட் டவுனின் ஒருவழிப் பாதைகளிலும் நீங்க எப்போ 6,000 ஆர்பிஎம்மைத் தொடப் போறீங்க? மிதமாக மிதித்து ஓட்டும்போது, பெட்ரோல் இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்துவது பாதி மூடியிருக்கும் த்ராட்டில்தான். வாசலைப் பாதி சாத்தி வெச்சுட்டு கொசுவலையை மாத்தினா, எவ்வளவு காற்று கூடுதலா வந்துடும்?

மைலேஜ்?

‘ஃபில்டரைச் சுத்தம் பண்ணா மைலேஜ் கூடும்’ என்பது அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்துப் பாடம். அது கார்புரேட்டர் காலம். ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும். அதற்கேற்றபடி பெட்ரோல் குறையாது. இப்போதைய கார்களில் வரும் காற்றை சென்சார் அளக்கிறது. அதற்கேற்ற பெட்ரோலை இசியு மட்டுமே விடுகிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நவீன பெட்ரோல் கார்களில் வேண்டுமென்றே அடைக்கப்பட்ட ஃபில்டரை மாட்டியும் மைலேஜில் பெரிய மாற்றம் இல்லை; ஆக்ஸிலரேஷன்தான் குறைந்தது. அடைத்த ஃபில்டராலேயே மைலேஜ் பெரிதாகக் குறையாதபோது, புது ஃபில்டரால் மட்டும் எப்படிக் கூடும்?

செம்மண் சொல்லும் கணக்கு

ஆரோவில், குயிலாப்பாளையம் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும். வெள்ளை கார் ஒரே நாளில் செம்மண் நிறமாகிடும். அந்தத் தூசிதான் ஃபில்டருக்கு உண்மையான பரீட்சை.

ஒரு பேச்சுக்கு, ஒரு ஃபில்டர் 99 சதவிகிதத் தூசியைத் தடுக்கிறது, இன்னொன்று 97 சதவிகிதம் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு சதவிகிதம்தானே என்று தோன்றும். ஆனால், 100 கிராம் தூசியில் முதலாவது 1 கிராமை உள்ளே விடுகிறது. இரண்டாவது 3 கிராமை விடுகிறது. மூன்று மடங்கு! அதனால், வாங்குவதாக இருந்தால் ஐஎஸ்ஓ 5011 சோதனையில் அந்த ஃபில்டர் எத்தனை சதவிகிதம் வடிகட்டியது என்று கேளுங்கள்.

துணி ஃபில்டரைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் குறைந்தால் தூசி தப்பிக்கும். அதிகமானால் அது காற்றோடு போய், மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில் அதன் மெல்லிய கம்பியில் படிந்து அளவைத் தப்பாக்கும்.

கோன் ஃபில்டர்: கூடுதல் கவனம்

கம்பெனி பாக்ஸுக்குள்ளேயே உட்காரும் ஃபில்டர் ஒரு வகை. பாக்ஸையே கழற்றிவிட்டு மாட்டும் கூம்பு வடிவ ஃபில்டர் இன்னொரு வகை. இதில் வரும் ‘உர்ர்ர்’ சத்தம்தான் பலருக்குப் பவர் கூடின மாதிரி தோன்றக் காரணம். ஏர் பாக்ஸ் அந்த உறிஞ்சும் சத்தத்தையும் அடக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

தடுப்பு இல்லாத கோன், பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும். 30 டிகிரி காற்று 60 டிகிரிக்குச் சூடானால் அடர்த்தி சுமார் 9 சதவிகிதம் குறையும். பவரும் அதற்கேற்ப இறங்கும்.

இதைவிட ஆபத்து, குளிர்ந்த காற்றுக்காகக் குழாயை பம்பருக்குக் கீழே இறக்குவது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் மாதிரியான தாழ்வான பகுதிகள் தண்ணீரில் மிதந்தன. அப்படிப்பட்ட தெருவில் தாழ்வான குழாய் தண்ணீரையே உறிஞ்சிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜின் காலி. ‘இன்ஜின் புரொட்டெக்‌ஷன்’ ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் இந்தச் செலவு பெரும்பாலும் உங்க தலையில்தான் விழும்.

காசு மிச்சமாகுமா?

உதாரணத்துக்கு, துணி ஃபில்டர் 6,000 ரூபாய், காகித ஃபில்டர் 500 ரூபாய் என்று வைப்போம். 20,000 கி.மீட்டருக்கு ஒருமுறை காகிதத்தை மாற்றினாலும், 6,000 ரூபாய்க்கு 12 ஃபில்டர் வரும், 2,40,000 கி.மீ. ஓட்டலாம். அதுவரை அந்த கார் உங்ககிட்ட இருக்குமா? கழுவும் கிட்டுக்கான செலவு தனி.

யார் மாட்டலாம்?

இன்ஜினை ரீமேப் செய்தவர்கள், பெரிய டர்போ போட்டவர்கள், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் தாராளமாக மாட்டலாம். அவர்களுக்குக் கூடுதல் காற்று நிஜமாகவே தேவை. சத்தத்துக்காகவே வேணும்னாலும் தப்பில்லை. எதுக்குக் காசு கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுங்க. வாரன்டியில் இருக்கும் காராக இருந்தால், முதலில் வாரன்டி புத்தகத்தைப் படிச்சுடுங்க.

மற்றவர்கள் செய்ய வேண்டியது

* ஒவ்வொரு சர்வீஸிலும் ஃபில்டரை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்க. ஏசி ஃபில்டர் வேறு, இது வேறு.
* மேனுவலில் உள்ள கி.மீ. கணக்கில் மாற்றுங்க. மண் சாலையில் அதிகம் ஓட்டினால் இன்னும் சீக்கிரமாக.
* காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். ஏர் கன்னைப் பக்கத்தில் வைத்து வேகமாக அடித்தாலும் கிழியும்.
* பாக்ஸுக்குள் ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்க. இடைவெளி இருந்தால் தூசி நேராக உள்ளே போகும்.
* தேங்கிய தண்ணீரில் கார் நின்றுவிட்டால், திரும்ப ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. டோ பண்ணி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்க.

பிக்-அப்தான் வேணும்னா, மிச்சமான 5,500 ரூபாயை நல்ல டயருக்கு எடுத்து வைங்க. டயரில் சரியான காற்று இருக்கான்னு மாசம் ரெண்டு தடவை பாருங்க. மைலேஜுக்கு உதவுற காற்று அதுதான்!