டிஸ்பிளே டிரைவர் தேடிய காலம்

சென்னை ரிச்சி தெருவில் நான் வேலை கற்ற நாட்களில், ஒரு சர்வீஸ் ஆளின் மதிப்பை அவன் தோளில் தொங்கும் சிடி பையை வைத்தே கணக்கிட்டுவிடுவார்கள். மல்டிமீட்டர் எல்லோரிடமும் இருக்கும். மதர்போர்டுகளோடும் விஜிஏ கார்டுகளோடும் வந்த டிரைவர் சிடிகளை ஒன்றுவிடாமல் சேர்த்து, எந்தச் சிப்செட், எந்த விண்டோஸ் என்று மார்க்கரில் எழுதி வைத்திருப்பவன்தான் போன வேலையை முடித்துவிட்டுத் திரும்புவான். அந்தப் பைகளில் பல இன்று குப்பைக்குப் போய்விட்டன. அவற்றோடு ஒரு தொழிலின் அறிவும் போகிறது. அதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

விஷயத்தின் வேர் 1987-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ என்ற காட்சி முறையைக் கொண்டுவந்தது. 640 x 480 புள்ளிகள், 16 நிறங்கள். பின்னால் வந்த கார்டுகள் எல்லாம் இந்த அடிப்படையை விடாமல் வைத்துக்கொண்டன. அதனால் எந்தக் கார்டைச் செருகினாலும் விண்டோஸ் திரையில் ஏதாவது ஒன்று தெரியும். அதற்கு மேல் போக, ஒவ்வொரு சிப்பும் தனக்கென்று வைத்திருக்கும் வழிகளை விண்டோஸுக்குச் சொல்லித்தர வேண்டும். அதைச் செய்வதுதான் டிஸ்பிளே டிரைவர். டிரைவர் ஏறாத கணினியில் எழுத்துகள் பூதாகாரமாக நிற்கும், புகைப்படம் திட்டுத்திட்டாகத் தெரியும், சில பெட்டிகளின் ஓகே பட்டன் திரைக்கு வெளியே போய்விடும்.

ரேடியோ பாகங்கள் விற்ற தெரு ரிச்சி தெரு. தொண்ணூறுகளில் அதுவே அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களின் சந்தையாக மாறியது. கேபினட் ஒரு கடையில், போர்டு ஒரு கடையில், ராம் இன்னொரு கடையில் என்று வாங்கிச் சேர்த்த கணினிக்குப் பின்னால் நிற்கும் கம்பெனி என்று ஒன்று கிடையாது. எஸ்3, டிரைடென்ட், சிரஸ் லாஜிக், சிஸ், ஏடிஐ, என்விடியா என்று சிப் தயாரித்தவர்கள் வேறு. அந்தச் சிப்பை வாங்கிக் கார்டாக அடித்து விற்றவர்கள் வேறு. அட்டைப் பெட்டியில் பெயரே இல்லாமல் வந்த கார்டுகளும் உண்டு. டிரைவர் சிடி தொலைந்துவிட்டால் வாடிக்கையாளருக்கு இருந்த ஒரே போக்கிடம் சர்வீஸ் ஆள்தான்.

1998 ஜூனில் வந்த விண்டோஸ் 98 எங்கள் தொழிலில் மிக நீண்ட காலம் நிலைத்தது. அதற்கு முக்கியக் காரணம் டிடிபி. திருவல்லிக்கேணிச் சந்துகளில் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்த அச்சகங்கள் பேஜ்மேக்கரில் வேலை செய்தன. அதற்கான தமிழ் எழுத்துரு மென்பொருள் பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் இருந்தால்தான் திறக்கும். எழுத்துருக்கள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு குறியீட்டில் இருந்தன. தமிழ்நாட்டு அரசு 1999-இல் டாம், டாப் என்று பொதுக் குறியீடுகளை அறிவித்த பிறகும் பழைய கோப்புகள் பழைய எழுத்திலேயே கிடந்தன. விண்டோஸ் 2000-இலேயே தமிழ் யூனிகோட் வந்துவிட்டாலும் பேஜ்மேக்கருக்குக் கடைசிவரை யூனிகோட் தெரியாது. நான் வழக்கமாகப் போகும் அச்சகத்தின் முதலாளி, எக்ஸ்பிக்கு மாறலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்வார்: “எனக்குப் புதுசு எதுவும் வேண்டாம் தம்பி. இருபது வருஷத்துப் பத்திரிகை இதுல இருக்கு. என் எழுத்து மாறாம வரணும், அவ்வளவுதான்.” அவர் கேட்டது நியாயம். அந்த நியாயத்தைக் காப்பாற்றுவதுதான் என் வேலையாக இருந்தது.

போர்டு எரிந்துபோகும்போது சிக்கல் வரும். ஹார்டு டிஸ்க் நலமாக இருக்கும். பழைய மார்க்கெட்டில் வேறு போர்டு கிடைக்கும். மாட்டி ஆன் செய்தால் 16 நிறம். டிவைஸ் மேனேஜரில் ‘ஸ்டாண்டர்டு பிசிஐ கிராஃபிக்ஸ் அடாப்டர்’ என்று மட்டும் இருக்கும். தேடல் அங்கே தொடங்கும்.

முதலில் சிப்பின் மேல் அச்சிட்ட எழுத்தைப் படிப்போம். ஹீட்சிங்க் ஒட்டியிருந்தால் அதுவும் முடியாது. அப்போது ரெஜிஸ்ட்ரிக்குள் பிசிஐ என்ற கிளையைத் திறந்து, கார்டு தன்னைப் பற்றிச் சொல்லும் எண்களைப் பார்ப்போம். பிசிஐ, ஏஜிபி கார்டு ஒவ்வொன்றிலும் தயாரிப்பாளர் எண் ஒன்று, சாதன எண் ஒன்று பதிந்திருக்கும். 8086 என்றால் இன்டெல். 1978-இல் வந்த தன் பிராசஸரின் பெயரையே அது எண்ணாக எடுத்துக்கொண்டது. 5333 என்றால் எஸ்3. 1039 சிஸ். 1002 ஏடிஐ. இவை எங்களுக்கு மனப்பாடம். டிரைவர் சிடியில் உள்ள ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து அதே எண் வரிசை இருக்கிறதா என்று தேடுவோம். இருந்தால் வேலை முடிந்தது. அதே குடும்பச் சிப்பாக இருந்து எண் மட்டும் இல்லாவிட்டால், அந்த வரியை நாமே சேர்த்து ஏற்றிப் பார்ப்பதும் உண்டு.

சிடி இல்லாவிட்டால் பிரவுசிங் சென்டர். 10 எம்.பி. கோப்பு 56 கே மோடத்தில் தடங்கலே இல்லாமல் ஓடினாலும் 25 நிமிடம் ஆகும். லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. ஃபிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்.பி.தான் என்பதால் கோப்பைத் துண்டுதுண்டாக வெட்டி எடுத்துவர வேண்டும். பென் டிரைவ் வந்த பிறகும் விண்டோஸ் 98-க்கு விடிவு இல்லை. பென் டிரைவைப் படிக்கவே அதற்குத் தனி டிரைவர் வேண்டும்.

கதவுகள் ஒவ்வொன்றாக மூடிய வரலாற்றையும் சொல்ல வேண்டும். 1996-இல் வூடூ கார்டால் விளையாட்டு உலகையே மாற்றிய 3டிஎஃப்எக்ஸ், 2000 டிசம்பரில் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்றது. மறு ஆண்டு எக்ஸ்பி வந்தபோது வூடூ கார்டுகளுக்கு முழுமையான டிரைவர் எழுத அந்தக் கம்பெனி இல்லை. ஆர்வலர்கள்தான் பழைய டிரைவர்களைத் திருத்திக் கொடுத்தார்கள். விண்டோஸ் 98-க்கு என்விடியா முறைப்படி வெளியிட்ட கடைசி டிரைவர் 81.98, 2005 கடைசியில் வந்தது. ஏடிஐயின் கடைசி வெளியீடு 2006 பிப்ரவரியின் கேட்டலிஸ்ட் 6.2. இன்டெல் ஆன்போர்டு டிஸ்பிளேயில் 865ஜி வரை 98 ஓடும். 2004-இல் வந்த 915ஜிக்கு டிரைவரே கிடையாது. 2006 ஜூலை 11 அன்று மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸ் 98-க்கான ஆதரவை நிறுத்தியது.

எக்ஸ்பி டிரைவரை 98-இல் ஏற்ற முடியாதா என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். முடியாது. 98-இன் டிஸ்பிளே டிரைவர், டாஸ் காலத்தின் தொடர்ச்சியான 16 பிட் டிஆர்வி கோப்பையும் விஎக்ஸ்டி கோப்பையும் நம்பி நின்றது. எக்ஸ்பி, என்டி வழியில் வந்தது. அடித்தளமே வேறு.

அந்த நிலையில் எங்களைக் காப்பாற்றியது எஸ்3 டிரையோ போன்ற பழைய பிசிஐ கார்டுதான். அதற்கான டிரைவர் விண்டோஸ் 98 சிடிக்குள்ளேயே இருந்தது. 2 எம்.பி. நினைவகம்தான். ஆனால் 1024 x 768 புள்ளிகளை 16 பிட் நிறத்தில் காட்ட ஒன்றரை எம்.பி. போதும். பேஜ்மேக்கருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பயாஸில் ஆன்போர்டு டிஸ்பிளேயை அணைத்துவிட்டு இந்தக் கார்டைச் செருகினால் அச்சகம் மறுநாள் ஓடும். ராமைக் குறைத்து வைப்பதும் அனுபவத்தில் வந்த பாடம். 512 எம்.பி.க்கு மேல் போனால் 98 தடுமாறும். பெரிய நினைவகம் கொண்ட ஏஜிபி கார்டும் கூடினால் நினைவகம் போதவில்லை என்றே சொல்லும். சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் விகேஷ், அதாவது கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள விண்டோஸ் ஒதுக்கும் நினைவகத்தின் அளவுக்கு வரம்பு கட்டினால் சரியாகிவிடும். கார்டே கிடைக்காதவர்களுக்காக, எல்லா சிப்பும் பொதுவாகப் புரிந்துகொள்ளும் வெசா முறையில் ஓடும் விபிஇஎம்பி என்ற டிரைவரை ஆர்வலர்கள் எழுதினார்கள். வேகம் இருக்காது, ஆனால் நிறம் கிடைக்கும்.

இதே கதை மறுபடி நடந்தது. 2007 ஜனவரியில் வந்த விஸ்டா, டிஸ்பிளே டிரைவருக்குப் புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. இன்டெல் 915 வைத்திருந்தவர்களுக்கு அந்த அமைப்பில் டிரைவர் வரவே இல்லை. எக்ஸ்பிக்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. என்விடியாவின் கடைசி எக்ஸ்பி டிரைவர் 368.81, 2016-இல் வந்தது. 2019 நவம்பரில் இன்டெல் தன் தளத்திலிருந்து பல பழைய போர்டுகளின் டிரைவர்களையும் பயாஸ் கோப்புகளையும் எடுத்துவிட்டது. தயாரித்தவரே கைவிட்ட பிறகு அந்தக் கோப்புகள் எங்காவது மிஞ்சியிருந்தால், யாரோ ஒருவர் பிரதி எடுத்து வைத்ததால்தான்.

கம்பெனிகள் எல்லாப் பழைய பொருளுக்கும் என்றென்றும் புதிய டிரைவர் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏற்கெனவே எழுதியதை அழிக்காமல் வைத்திருக்கலாம். அதற்கு ஆகும் இடம் இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை. இரும்பும் சிலிக்கனும் நன்றாக இருக்கும்போது ஒரு சின்னக் கோப்பு இல்லாததால் கணினியைக் காயலான் கடைக்கு அனுப்புவது அநியாயம். தமிழில் இன்னொரு இழப்பும் சேர்கிறது. பேஜ்மேக்கரில் கோத்த சிற்றிதழ்களும் உள்ளூர் மலர்களும் கோவில் வரலாறுகளும் பழைய குறியீட்டில் பழைய டிஸ்க்குகளில் கிடக்கின்றன. அவற்றை அப்படியே திறந்து பார்க்க அந்தக் காலத்துக் கணினி ஒன்று ஓட வேண்டும்.

ஆகவே சர்வீஸ் தொழிலில் இருந்த நண்பர்களுக்கும், பரணில் பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிரைவர் சிடிகளைத் தூக்கிப் போடாதீர்கள். நாமே எழுதிய சிடிகளின் பூச்சு கெட்டுக்கொண்டே போகும், அதனால் தாமதிக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் ஐஎஸ்ஓ பிரதியாக எடுங்கள். போர்டின் மாடல், சிப்செட், எந்த விண்டோஸுக்கு என்ற மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு, இன்னொன்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொதுக் காப்பகத்தில் ஏற்றுங்கள்.