கோட்டைச் சமயமும் குடிசைச் சமயமும்

பூநகரிக் கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது. பின்னர் ஒல்லாந்தர் அதனை விரிவாக்கினர். யாழ்ப்பாணக் கடனீரேரியைக் கடந்து பெருநிலத்துட் புகும் வழியைக் காப்பதே அதன் பணி. அவ்வழியால் வாணிகம் சென்றது, படை சென்றது, சமயமும் சென்றது. ஆயின், அச்சமயத்தை மக்களிடையே நிலைநிறுத்திய தலைவர்கள் கோட்டையின் நிழலில் உருவானவர்களா, அதற்கு வெளியே உருவானவர்களா? இறைவனை உண்மையாக அறிந்த சபைத் தலைவரை உருவாக்குவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு நம் நாட்டு வரலாறே விடை தருகின்றது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கும்பினி கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றியது. அவர்க்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரணதண்டனை என ஆணையிட்டது. தனது சீர்திருத்தத் திருச்சபைக்கென ஊர்தோறும் பள்ளிக்கூடம் நிறுவியது. ஆங்கு உபாத்தியாயரே சபையின் முகம். ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பிற் பதிந்தவர் அவர். ஞானோபதேசத்தை மனனஞ் செய்வித்தவரும் அவரே. சுதேச இளைஞரைப் பயிற்றி உபதேசிகளாக்கும் நோக்குடன் 1690இல் நல்லூரிலும் 1696இல் கொழும்பிலும் செமினறிகள் எழுந்தன. ஆனால் கும்பினியின் பதவிக்கும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. பதவியும் பக்தியும் ஒரே தோம்பில் எழுதப்பட்டபோது, இறையறிவு என்பது ஒப்புவிக்கும் பாடமாகச் சுருங்கிற்று.

இதே காலத்தில் வேறொரு பயிற்சியும் நடந்தது. கோவாவிற் பிறந்த யோசப் வாஸ் அடிகள் 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கையை அடைந்தார். சில்லாலை மக்கள் அவருக்குப் புகலிடம் அளித்தனர். பின்னர் கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டார். மன்னன் மனமாற, அங்கிருந்தே பணியாற்றினார். குருமாரோ மிகச் சிலர். காடும் வழியுமோ மிக நீண்டன. ஆகவே ஊர்தோறும் அண்ணாவியாரையும் மூப்பரையும் அவர் அமர்த்தினார். செபத்துக்கு மக்களைக் கூட்டுதல், நோயாளரைப் பார்த்தல், சிறுவர்க்குக் கற்பித்தல், இறந்தோரை அடக்கஞ் செய்தல் ஆகியன அவர்கள் கடன். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். குரு இல்லாத ஊரிலும் அண்ணாவியார் வாசிக்க, மக்கள் கேட்டனர். 1697இல் கண்டியைப் பெரியம்மை வருத்தியபோது, உற்றாரும் கைவிட்ட நோயாளரைத் தம் கையாற் பேணினார் வாஸ். அவர் தந்த பயிற்சியின் முதற்பாடம் அதுவே.

விளைவு யாது? 1796இல் கும்பினியாட்சி வீழ்ந்தது. அதனோடு தோம்பிலிருந்த கிறிஸ்தவமும் கரைந்தது. 1806இல் யாழ்ப்பாணம் வந்த குளோடியஸ் புக்கானன், தரங்கம்பாடியிலிருந்து வந்த கிறிஸ்தியன் தாவீது ஒருவரே அங்குப் புரட்டஸ்தாந்து போதகராய் இருக்கக் கண்டார். அதே ஆண்டில் ஆங்கில அரசு கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியது. அப்போது வெளிப்பட்டுவந்தது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஒடுக்குமுறையைத் தாங்கிய ஒரு மக்கட் சபை.

இதனைத் தனிமனிதர் புண்ணியமாக மட்டும் கொள்வது தவறு. கண்டி மன்னனின் ஆதரவும், கும்பினியின் கை எட்டாத வன்னிக் காடும் துணைநின்றன. மேலும், அம்மக்கட் சபையிலும் சாதியேற்றத்தாழ்வு ஒழிந்துவிடவில்லை. குருவின்றிச் செபிக்கக் கற்ற மக்கள், சாதியின்றிச் செபிக்கக் கற்கவில்லை. அப்பாடம் எஞ்சி நின்றது.

அமெரிக்க மிசனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியின் கதையும் நோக்கத்தக்கது. சுதேச போதகரை ஆக்குவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. கணிதமும் வானநூலும் தமிழிலக்கியமும் அங்குச் செழித்தன. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற அறிஞர் தோன்றினர். ஆயின் ஆங்கிலங் கற்றோர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடினர். 1855இல் அச்செமினறி மூடப்பட்டது. குற்றம் கல்வியினுடையதன்று, கல்வியை உத்தியோகத்துக்கு ஏணியாக்கிய குடியேற்ற ஆட்சியினுடையது.

குருமார் அரிதான இலத்தீன் அமெரிக்கச் சேரிகளிலும் சிற்றூர்களிலும் 20ஆம் நூற்றாண்டில் ஏழைமக்கள் தாமே கூடி வேதநூலைப் படித்து, நிலத்தையும் கூலியையும் பற்றி வினவத் தொடங்கினர். 2009இல் வன்னிப் பேரழிவினூடே மக்களை விட்டகலாது நின்ற குருமாரும் இருந்தனர். இறையறிவுக்குரிய பரீட்சை மண்டபத்தில் நடப்பதன்று. துன்புறும் மக்களருகே நிற்பவனே அதில் தேறுகின்றான். உபாத்தியாயராகிய நமக்கும் அப்பரீட்சை விலக்கன்று: நாம் பயிற்றுவது தோம்புக்கா, மக்களுக்கா?