அம்மாபட்டி மண்ணும் ஏழூர்ச் சப்பரமும்

அம்மாபட்டியில் மண் பிசையாமல் எங்கள் பக்கத்து ஏழு ஊர்களில் ஒன்றுக்கும் முத்தாலம்மன் திருவிழா கிடையாது. டி. கல்லுப்பட்டி, தேவன்குறிச்சி, வன்னிவேலம்பட்டி, சத்திரப்பட்டி, கிளாங்குளம், காடனேரி, அம்மாபட்டி என்று ஏழு ஊர். ஏழுக்கும் அம்மன் உருவாவது அம்மாபட்டியில்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, புரட்டாசி ஐப்பசி வாக்கில், மற்ற ஆறு ஊர்க்காரர்களும் தங்கள் தங்கள் சப்பரத்தைத் தோளில் சுமந்துகொண்டு அங்கே போவார்கள். களிமண்ணில் செய்து, வர்ணம் தீட்டி, கண் திறந்து வைத்திருக்கும் தங்கள் அம்மனை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். ஏழூர்ச் சப்பரத் திருவிழா என்றால் எங்கள் வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மதுரையைத் தாண்டிவிட்டால் தெரிந்தவர்கள் குறைவு.

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பானிப்பட்டுப் போர்களின் வருஷத்தைப் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். தங்கள் அப்பாவும் தாத்தாவும் தோள் கொடுத்துத் தூக்கிய சப்பரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்று எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் போகும் ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊரான டி. கல்லுப்பட்டி. பேரையூருக்கும் விருதுநகருக்கும் ரோடு பிரிவதால் சந்தையும் வண்டி நிற்கும் இடமுமாக வளர்ந்தது. ஏழூரில் ஒன்றான தேவன்குறிச்சியில் ஒரு மலை. அதன் அடிவாரத்தில் அக்னீஸ்வரர் கோயில். இந்த வட்டாரத்தில் மனிதர்கள் குடியிருந்த காலமோ கோயில்களுக்கெல்லாம் மிக முந்தியது. 1976-ஐ ஒட்டித் தமிழக அரசின் தொல்லியல் துறை டி. கல்லுப்பட்டியில் அகழாய்வு நடத்தியது. கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் இந்த மண்ணின் பழைய சொத்து. மண்ணைப் பிசைந்து உரு கொடுக்கும் கை இங்கே எத்தனையோ நூற்றாண்டுகளாக ஓயாமல் இருந்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு அம்மாபட்டிக்குப் போனால், அங்கே பார்ப்பது வேறாகத் தெரியும்.

1529-ஐ ஒட்டி மதுரையில் நாயக்கர் ஆட்சி வேரூன்றியது. விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாதரும் சீமையை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது வழிவழியாக வரும் கணக்கு. பேரையூரும் சாப்டூரும் எங்களைச் சுற்றியிருந்த பாளையங்கள். தெலுங்கு பேசும் குடிகள் கரிசல் நிலத்தைத் திருத்திக் குடியேறியதும், ஏற்கெனவே இருந்த குடிகளோடு கலந்து புது ஊர்கள் எழுந்ததும் அந்தக் காலத்து நிகழ்வுகள். பல சாதி, இரண்டு மொழி, ஆளுக்கொரு குலதெய்வம். இப்படிப்பட்ட ஊர்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ வேண்டுமென்றால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தாய் வேண்டும். ஏழு ஊர் அம்மனும் உடன்பிறந்த அக்கா தங்கைகள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வளர்த்தார்கள். அக்கா தங்கை குடியிருக்கும் ஊர்கள் என்றால் அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவு முறையாகிவிடுகிறார்கள். திருவிழாவுக்கு வரும் பக்கத்து ஊர்க்காரரை, பேர் தெரியாவிட்டாலும், "வாங்க மாமா, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கூப்பிடும் உரிமை அப்படி வந்தது.

முத்தாலம்மன் மழைக்கும் அம்மை நோய்க்கும் உரிய தாய். கரிசலில் வானம் பார்த்த விவசாயம்தான். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் பருத்தியும் சோளமும் கம்பும் விதைக்கிற நிலம். மழை தப்பினால் என்ன ஆகும் என்பதை 1876-78 தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டுக்குக் காட்டியது. பஞ்சத்தின் பின்னாலேயே காலராவும் அம்மையும் வந்து வீடு வீடாகக் காலி செய்தன. பெரியம்மைக்கு ஊர் கண்ட மருந்து வேப்பிலை, மஞ்சள், கூழ், அம்மனிடம் ஒரு நேர்ச்சை. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-ல் கண்டறியப்பட்டார். 1980-ல் உலகத்தை விட்டே அந்த நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போனது, நன்றி போகவில்லை. பிழைத்து எழுந்த பிள்ளைக்காக ஒரு பாட்டி நேர்ந்துகொண்ட நேர்ச்சையை அவளுடைய பேரன் இன்றைக்கும் சப்பரத்துக்குத் தோள் கொடுத்துத் தீர்க்கிறான்.

இனி அம்மாபட்டி மண்ணுக்கு வருகிறேன். எங்கள் சீமையில் சாமி உரு செய்வது மண்பாண்டத் தொழில் செய்யும் வேளார்களின் உரிமை. கண்மாயில் எடுத்த களிமண்ணைக் கட்டி இல்லாமல் தட்டி, நீர் விட்டு ஊறவைத்து, மணலும் வைக்கோலும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துவார்கள். மணல் கூடினால் உரு உதிரும். குறைந்தால் காயும்போது வெடிக்கும். அளவுக்குத் தராசு கிடையாது. உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே பதம் சொல்வார்கள். இடுப்பு, மார்பு, தோள், தலை என்று கீழிருந்து மேலே ஏற்றுவார்கள். அடிப்பகுதி இறுகாமல் மேலே மண் வைத்தால் உரு சரியும் என்பதால் வேலைக்கு நடுவே காத்திருக்க வேண்டும். காய்ந்தபின் வெள்ளை பூசி, அதற்கு மேல் வர்ணம். எல்லாம் முடிந்து கடைசியில்தான் கண். அதுவரை மண்ணாக இருந்தது கண் திறந்ததும் அம்மன். செய்தவரே அதன் முன்னால் கைகூப்பி நிற்கிறார்.

சப்பரம் அந்தந்த ஊரின் சொந்த வேலை. திருவிழாவை ஊருக்கு அறிவிக்கும் சாட்டுதல் ஆனதும் ஊர்ப் பொது இடத்தில் மூங்கிலும் கம்பும் வந்து இறங்கும். அடியில் கனமான மரச்சட்டம். அதன் இருபுறமும் தோள் கொடுக்க நீளமான வாரைகள். சட்டத்தின் மேல் மூங்கிலைப் பிளந்து வளைத்து, அடுக்கு அடுக்காகக் கோபுரம்போல் ஏற்றி, வர்ணத்தாள் ஒட்டுவார்கள். முப்பது அடிக்கு மேல் உயரும் சப்பரத்தில் மூங்கிலைக் கயிறு போட்டு இறுக்குவதில்தான் சூட்சுமம். ஆணி அடித்த மூட்டு குலுக்கலில் விலகிவிடும். கயிற்றுக் கட்டு சப்பரத்தோடு சேர்ந்து ஆடி, திரும்ப நிலைக்கு வரும். உச்சிக் கட்டைப் போடத் தெரிந்தவர் ஊருக்குச் சிலர்தான் இருப்பார்கள். அவர் மேலே உட்கார்ந்து இறுக்க, கீழே இளவட்டங்கள் கயிற்றை எடுத்துக் கொடுத்தபடியே பார்த்துப் படிப்பார்கள். இந்தப் படிப்புக்குப் புத்தகம் கிடையாது.

திருவிழா அன்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் சப்பரம் கிளம்புகிறது. மேளக்காரர்கள் முன்னால், வேட்டுச் சத்தம், குலவை. ரோட்டில் கொஞ்சம், காட்டு வழியில் கொஞ்சம். கரிசல் ஈரமாக இருந்தால் கால் புதையும். காய்ந்திருந்தால் வெடிப்பில் மாட்டும். வாரையின் இரு பக்கத்திலும் ஒரே உயரத்து ஆட்களைப் பார்த்து நிறுத்துவார்கள். தோள் மாற்ற வேண்டுமென்றால் புது ஆள் உள்ளே நுழைந்து பாரத்தை வாங்கிய பிறகுதான் பழைய ஆள் விலகலாம். உச்சியில் கட்டிய கயிறுகளை நான்கு திசையிலும் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் காற்றைக் கவனிப்பார்கள். மெத்தப் படித்தவர், கூலிக்குப் போகிறவர், துபாயிலிருந்து லீவு போட்டு வந்தவர் என்ற வித்தியாசம் வாரையின் கீழே செல்லாது. அங்கே தோள் உயரம் மட்டும்தான் கணக்கு.

இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் ஜே.சி. குமரப்பா எனக்கு நினைவுக்கு வருகிறார். டி. கல்லுப்பட்டியில் 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் அவர் தம் கடைசி வருஷங்களைக் கழித்தார். 1960 ஜனவரி 30-ல் காலமானார். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை நடத்தியவர். நிலைத்திருக்கும் பொருளாதாரம் பற்றி ஜபல்பூர் சிறையில் அவர் எழுதிய நூல் 1945-ல் வெளிவந்தது. இயற்கையைச் சுரண்டாமல், ஒருவர் வேலை இன்னொருவர் வாழ்வைத் தாங்கும்படி அமைந்ததே நீடிக்கும் என்பது அவர் வாதம். அந்த வாதத்துக்கு உதாரணம் தேட, ஆசிரமத்தை விட்டு அவர் தூரம் போக வேண்டியதில்லை. ஒரு ஊர் மண் உருவைத் தருகிறது. ஆறு ஊர் வந்து வாங்குகிறது. எந்த ஊருக்கு எத்தனை பணம் சேர்ந்தாலும் தனியாக ஒரு திருவிழா நடத்திக்கொள்ள வழியில்லை. இந்தக் கட்டுப்பாடுதான் ஏழூரையும் சேர்த்து வைத்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஊர் மரபைக் காப்பாற்ற உலகத்தில் வேறு வழியும் உண்டு. அல்பேனியாவில் ஜிரோகாஸ்தர் என்ற மலையூர்க் கோட்டையில், 1968 முதல் பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேசிய நாட்டுப்புறக் கலைவிழா நடக்கிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கலைஞர்கள் தங்கள் ஊர் உடையில் வந்து கோட்டை மேடையில் பாடி ஆடுகிறார்கள். பல குரல்கள் சேர்ந்து இசைக்கும் அவர்களுடைய பாட்டு முறையை யுனெஸ்கோ உலக மரபாக அறிவித்திருக்கிறது. அரசு தொடங்கிய விழா அது. இல்லாவிட்டால் மறைந்திருக்கக்கூடிய பல பாட்டுகளுக்கு அது காது தேடித் தந்தது. அதற்காக அந்த நாட்டை மதிக்கிறேன். எங்கள் விழாவுக்கு மேடை இல்லை. பார்ப்பவரும் செய்பவரும் ஒரே ஆட்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகுதான் எங்களிடம் இருப்பதன் அருமை எனக்கு முழுசாக விளங்கியது.

எங்கள் திருவிழா முடிந்ததும் அம்மன் உரு மண்ணோடு மண்ணாகப் போய்விடும். சப்பரத்தையும் பிரித்துவிடுவார்கள். ஐம்பொன்னில் ஒரு தடவை வார்த்து வைத்துவிட்டால் செலவு மிச்சமாகுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வார்த்து வைத்திருந்தால் அம்மாபட்டியில் மண் பிசையும் கை அந்தத் தலைமுறையோடு நின்றிருக்கும். ஆறு ஊர் நடந்து வர வேண்டிய அவசியம் இருந்திருக்காது. உச்சிக் கட்டைப் போடுகிற ஆள் தன் வித்தையை யாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார். உரு அழிவதால்தான் தொழில் அழியாமல் இருக்கிறது. இரண்டு வருஷம் என்ற இடைவெளியும் சரியான கணக்கு: கட்டு மறப்பதற்குள் அடுத்த சாட்டுதல் வந்துவிடும்.

வெளியூரிலிருந்து பார்க்க வருபவர்கள் தாராளமாக வாருங்கள். மதுரையிலிருந்து ராஜபாளையம், தென்காசி போகும் பஸ் எல்லாம் எங்கள் ஊர் வழிதான். விழா நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, அதற்குச் சில நாள் முன்னதாகவே ஒரு தடவை வந்து போங்கள். பகலில் சப்பரம் கட்டுகிற இடத்தில் நின்று பாருங்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள். கண் திறக்கும் நேரத்தில் கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள். சப்பரம் வரும்போது கயிறு பிடிப்பவர்களின் வழியில் நிற்காதீர்கள். பந்தியில் உட்காரக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள்.

எங்கள் ஏழூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்மாய்களில் மண்பாண்டத் தொழிலாளர்கள் களிமண் எடுக்க 2024-ல் அரசு விதிகளை எளிதாக்கி, தாசில்தார் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று செய்தது. மண் கிடைக்கும், கை வேண்டுமே. வேளார் வீட்டுப் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவது நியாயம், போகட்டும். ஆனால் சிலை செய்கிறவருக்கு ஊர் கொடுக்கும் பணம் வேட்டுக்கும் மைக்செட்டுக்கும் கொடுப்பதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. அடுத்த சாட்டுதலுக்கு முன்னால் ஏழு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டிய முதல் கணக்கு இதுதான்.